ஒரு சாண் மேல்மண்

தக்கைக்காரிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரே சொல்லும். சொல்லிவிட்டுப் போகட்டும். அவள் பட்ட பாட்டை இன்னொருத்தி பட்டிருந்தால் கோபம் மூக்கோடு நின்றிருக்காது. கைக்கு வந்திருக்கும், கையில் மண்வெட்டியும் இருந்திருக்கும்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது தக்கைப்பூண்டால். பயறு வகைச் செடி அது. நெல் நடுவதற்கு முன்னால் வயல் முழுக்க விதைத்துவிட வேண்டும். இடுப்புக்கு மேல் வளர்ந்து மஞ்சளாகப் பூக்கத் தொடங்கும்போது, ஐயோ அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு நிற்காமல், தண்ணீர் கட்டி அப்படியே உழுது சேற்றுக்குள் மடக்கிவிட வேண்டும். காற்றில் இருக்கிற சத்தையே பிடித்து வேர் முடிச்சில் வைத்துக்கொள்கிற செடி. அழுகினால் அத்தனையும் மண்ணுக்கு. அவள் பிறந்த வீட்டில் இதைச் செய்யாமல் நாற்றில் கை வைக்க மாட்டார்கள். வாழ்க்கைப்பட்டு வந்த இடத்திலோ இந்தச் செடியை ஒருவரும் சீந்தவில்லை. தின்னவும் ஆகாது, விற்கவும் ஆகாது, அதை வளர்த்துப் புதைக்கிறாளாம் பார் என்று சிரித்தார்கள்.

அவள் புருஷன் பேருந்து ஓட்டுநர். வெளிச்சம் வருமுன் கிளம்பிப் போய், திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தால், கண் மூடியபடியே காலால் பிரேக் அழுத்துகிற மனுஷன். நல்லவன். அந்த நல்லதனம்தான் கடைசியில் குடியைக் கெடுத்தது, அதை அப்புறம் சொல்கிறேன். வயல் வேலை அவனுக்குத் தெரியாது. தெரியாது என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

மாமனார் விட்டுப்போனது இரண்டு வயல். மேல்வயல் சின்னது, மணல் கலந்தது, பாகம் பிரித்தபோது அது இளையவனுக்கு, அதாவது இவள் புருஷனுக்கு வந்தது. கீழ்வயல் பெரியது, களிமண். அது மட்டும் பிரிக்காமல் பொதுவில் நின்றது. பொதுவில் நின்றது என்றால் வேறொன்றுமில்லை, உழைப்பது இவள், முடிவு சொல்வது மூத்தார். புருஷனின் அண்ணனை அவள் மாமா என்று கூப்பிடுவாள். அவர் கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தானே பதிலும் சொல்லி, "அப்ப சரிதானே?" என்று எழுந்து போய்விடுகிற ஆள். அப்படிப்பட்டவர்களோடு குடும்பம் நடத்தியவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும்.

கீழ்வயல் அவள் வந்த காலத்தில் நன்றாகத்தான் விளைந்தது. வருஷத்துக்கு வருஷம் மூட்டை உரம் கூடிக்கொண்டே போனது, நெல் குறைந்துகொண்டே வந்தது. கோடையில் மண்வெட்டி போட்டால் டங்கென்று சத்தம் கேட்கும். தண்ணீர் விட்டால் மேலே தேங்கி நிற்கும், உள்ளே இறங்காது. "சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும்? மண்ணுக்கு நாம என்ன குடுத்தோம்?" என்று கேட்டுவிட்டு, தக்கைப்பூண்டு விதை வாங்கிவந்து தெளித்தாள்.

முதல் வருஷம் செடி தளதளவென்று வந்தது. பூக்கிற நேரத்தில் ஒருநாள் காலையில் போய்ப் பார்க்கிறாள், வயல் மொட்டை. மந்தை உள்ளே நிற்கிறது, ஆட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிறார்.

"யோவ், என்னய்யா பண்ணிட்டீங்க! விதைச்ச வயல்ல ஆட்டை விட்டிருக்கீங்களே!"

"விதைச்சதா? கேட்பாரில்லாம வளர்ந்து கிடக்குன்னு இல்ல நினைச்சேன்."

"நெல்லு நின்னா விடுவீங்களா?"

"அது நெல்லும்மா. இது செத்தை."

வந்த ஆத்திரத்தில் அவள் நேரே கடைத்தெருவுக்கு நடந்தாள். மூத்தாரிடம் போய்ச் சொன்னாள். அவர் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டே, "ஆடு சும்மாவா தின்னுச்சு, புழுக்கை போட்டுட்டுத்தானே போயிருக்கு? அதுவும் உரம்தானே? அப்ப சரிதானே?" என்றார். மிச்சம் கிடந்த தண்டையும் வேரையும் உழுது நெல் நட்டாள். விளைச்சல் முந்தின வருஷம் மாதிரியேதான் வந்தது. குறையவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டாம் வருஷம் சுற்றிலும் முள் அடைத்தாள். ஆடு வரவில்லை. டிராக்டரும் வரவில்லை. அந்தப் பக்கத்துக்கு இருந்த ஒரே டிராக்டர்க்காரருக்கு ஊரில் 'இதோவந்தார்' என்று பெயர். எப்போது கூப்பிட்டாலும், "இதோ வந்துட்டேன், வண்டி திரும்புது" என்பார். வண்டி எங்கே திரும்பிற்றோ, கடவுளுக்கே வெளிச்சம். இவள் கூப்பிட்டாள், கெஞ்சினாள், திட்டினாள், மறுபடி கெஞ்சினாள். பூ காயாயிற்று, காய் முற்றிற்று. இளந்தண்டாக மடங்க வேண்டிய செடி விரல் தடிமனுக்கு விறகாகிப் போனது. அதன்பிறகு வந்தார் மகராசன். கலப்பைக் கொழுவெல்லாம் நார் சுற்றிக்கொண்டு வண்டி நின்று நின்று போனது. "என்னம்மா இது, காட்டையே வளர்த்து வெச்சிருக்கே?" என்று அவளிடமே குறைப்பட்டுக்கொண்டார்.

"நீங்க வர வேண்டிய நாளுக்கு வந்திருந்தா இது கீரைத்தண்டு மாதிரி மடிஞ்சிருக்கும்!"

"நான்தான் வந்துட்டே இருந்தேனே."

அவரை என்ன செய்வது? நடவுக்கு வந்த பெண்கள் சேற்றில் கால் வைத்ததும் கத்தினார்கள். அழுகாத தண்டு உள்ளங்காலில் குத்தியது. பாதி வயல் நட்டதும், "உன் வயல்ல முள்ளா நட்டு வெச்சிருக்கே? எங்க காலு என்ன கடன் வாங்கின காலா?" என்று கரையேறிவிட்டார்கள். மிச்சத்தை அவளே குனிந்து நட்டாள், கூட அக்கம்பக்கத்தில் கெஞ்சிப் பிடித்த இரண்டு பேர். அந்த வருஷமும் கையில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

இந்த லட்சணத்தில்தான் சூளைக்காரர் வந்து சேர்ந்தார்.

பக்கத்து வயல்கள் இரண்டு ஏற்கெனவே செங்கல் சூளைக்குப் போய்விட்டன. ஆள் ஆழத்துக்குக் களியை வெட்டி எடுத்துக்கொண்டு, பாசி பிடித்த குட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். சூளைக்காரர் பேச்சில் வெண்ணெய் மாதிரி. மூத்தார் வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னுக்கு வந்து உட்கார்ந்து, "விளையாத மண்ணை வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படறீங்க? வெட்டினப்புறம் மீன் விட்டுக்கலாம்" என்றார். மூத்தாருக்கு வீட்டுக்கு மாடி எழுப்ப ஆசை. அதற்கு வேண்டிய செங்கல்லையும் சூளைக்காரரே தருவாராம். தொலைக்காட்சியில் சத்தமில்லாமல் யாரோ ஆடிக்கொண்டிருந்தார்கள். மூத்தார் அதைப் பார்த்தபடியே, "இரண்டு வருஷமா அதுல என்ன விளைஞ்சுது? ஒண்ணும் விளையலை. அப்ப சரிதானே?" என்றார்.

அவள் எழுந்து நின்றாள்.

"மாமா, எனக்கு ஒரு போகம் குடுங்க. ஒரே ஒரு போகம். ஒரு வருஷம் ஆடு தின்னுச்சு, ஒரு வருஷம் வண்டி வரலை. ஒழுங்கா ஒருதடவைகூட நடக்கலை. இந்தத் தடவை விளையலைன்னா நான் வாயே திறக்க மாட்டேன்."

புருஷன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். மூத்தார் சூளைக்காரரைப் பார்த்தார். சூளைக்காரர், பெருந்தன்மையாக, "அறுப்பு முடியட்டும், அவசரமில்லை" என்றார். வெட்டப்போகிற ஆட்டுக்கு வேளா வேளைக்குத் தழை போடுகிறவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

ஆக, அந்தப் போகத்தில் இருந்தது இவ்வளவுதான்: நெல் விளைந்தால் கீழ்வயல் வயலாக இருக்கும், இல்லாவிட்டால் குழியாகிவிடும். குழியான நிலம் திரும்பி வயலாகாது. இதை நினைத்து அவள் சாப்பிடும்போதுகூட வயலைப் பற்றியே பேசினாள். புருஷன் "உம், உம்" என்றான்.

அந்த வருஷம் அவள் ஒன்றையும் யாரிடமும் விடவில்லை. முள்வேலிக்கு வெளியே இன்னொரு முள்வேலி. ஆட்டுக்காரர் அந்தப் பக்கம் தலை காட்டினாலே, "என்னய்யா, செத்தை தேடுறீங்களா?" என்று குரல் கொடுப்பாள். செடி பூக்கத் தொடங்கிய அன்று, போன் பேசுவதெல்லாம் வீண் என்று, நேரே இதோவந்தார் வீட்டு வாசலுக்குப் போய் டிராக்டர் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இறங்கும்மா, நான் இதோ வந்துடறேன்."

"நீங்க வரவே வேணாம். நான் வந்துட்டேன். வண்டியை எடுங்க."

அவர் சட்டை மாட்டும்வரை அவள் இறங்கவில்லை. அவர் சம்சாரம் உள்ளேயிருந்து, "இப்படி ஒருத்தி முன்னாடியே வந்திருந்தா நாலு காசு பார்த்திருப்போம்" என்று சொன்னது தெருவுக்கே கேட்டது.

பச்சைத்தண்டு மளுக் மளுக்கென்று முறிந்து சேற்றுக்குள் போயிற்று. தண்ணீர் கட்டினாள். இரண்டு நாளில் நாற்றம் ஆளைத் தூக்கியது. பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். அவளுக்கு அந்த நாற்றம் போதாமல் வரப்பில் போய் நின்று மூச்சை இழுத்தாள். தழை மக்கக் காத்திருந்து நாற்று நட்டார்கள். யார் காலிலும் ஒன்றும் குத்தவில்லை. அவளுக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் அக்காவுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. கூட இருக்க வேறு ஆளில்லை. போகத்தான் வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் புருஷனை உட்கார வைத்துச் சொன்னாள்.

"நல்லாக் கேட்டுக்கோங்க. தழை உள்ள அழுகும்போது சூடு கிளம்பும். நட்ட நாற்று கொஞ்சம் வெளுக்கும். பயந்துடாதீங்க. தானாத் தெளிஞ்சிடும். நீங்க தண்ணி மட்டும் பாருங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க. புரிஞ்சுதா?"

"உம்."

"என்ன சொன்னேன், சொல்லுங்க?"

"தண்ணி பார்க்கணும்."

"அப்புறம்?"

"அதான் சொன்னேனே, தண்ணி."

பேருந்துக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டாள்.

அவள் சொன்னபடியே நாற்று வெளுத்தது. தேநீர்க்கடையில் பேசினார்கள். "உன் பொண்டாட்டி நாற்றை உயிரோட வேகவெச்சுட்டாப்பா" என்று ஒருவர், "அந்தச் சூட்டுல முட்டையே அவிக்கலாம்" என்று இன்னொருவர். புருஷனுக்கு வண்டி ஓட்டும்போதும் அந்த மஞ்சள் வயல்தான் கண்ணில் நின்றது. அவள் திரும்பி வந்து இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? ஒரு போகம் கேட்டு நின்றாளே, அந்த முகம் நினைவுக்கு வந்தது. பொறுக்கவில்லை. விடுப்பு எழுதிப் போட்டுவிட்டு, யூரியா வாங்கி வந்து, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு வயலில் இறங்கிவிட்டான். வாழ்நாளில் தம்பி வயலில் இறங்கியது அன்றைக்குத்தான் என்று மூத்தார் பின்னால் சொல்லிச் சிரித்தார். இறங்காமலே இருந்திருக்கலாம் பாவி.

அவள் வந்தபோது பயிர் பச்சை பிடித்திருந்தது. "பார்த்தீங்களா, தெளிஞ்சிடும்னு சொன்னேன்ல?" என்றாள். அவன் "ஆமா, ஆமா" என்றான். அவள் அத்தனை சந்தோஷமாக இருந்தாள், அப்போது போய் எப்படிச் சொல்வது? நாள் போகப் போகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. இப்படித்தான் நல்லவர்கள் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

பயிர் வளர்ந்தது பாருங்கள், அப்படி ஒரு வளர்த்தி! பச்சையா அது, கருப்புதான். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்த்தார்கள். ஆட்டுக்காரர்கூட, "செத்தைக்கு இவ்வளவு சக்தியா?" என்றார். மூத்தார் ஒருநாள் வந்து வயலுக்கு முன்னால் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டார். "பரவாயில்லையே" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அவளுக்குத் தலையில் கிரீடம் வைத்ததுபோல் ஆயிற்று. இலை இவ்வளவு அகலமாக இருக்கிறதே, துவண்டு துவண்டு தொங்குகிறதே, பிறந்த வீட்டில் இப்படிப் பார்த்ததில்லையே என்று ஒரு முள் உள்ளே உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஊர் புகழ்கிறபோது யார் முள்ளைத் தேடுவார்கள்? அவளும் மனுஷிதானே. கடைத்தெருவுக்குப் போகும்போது தலையை நிமிர்த்தி நடந்தாள்.

கதிர் பால் கட்டிக்கொண்டிருந்தபோது ஒரு மத்தியானம் மழை பெய்தது. பெரிய மழைகூட இல்லை. காற்றும் சுமார்தான். பக்கத்து வயல்களில் பயிர் கொஞ்சம் சாய்ந்து நிமிர்ந்துகொண்டது. கீழ்வயல் மொத்தமாகப் படுத்துவிட்டது, பாய் விரித்த மாதிரி. அவள் ஓடிப்போய் வரப்பில் நின்றாள். கொத்துக் கொத்தாகச் சேர்த்துக் கட்டி நிறுத்திப் பார்த்தாள். எத்தனை கொத்தைக் கட்டுவது? கட்டியதும் விழுந்தது. அடித்தண்டில் உறுதியே இல்லை, நசுக்கினால் தண்ணீர் வந்தது. இருட்டும்வரை கட்டிக்கொண்டே இருந்தாள், அழுதுகொண்டே.

அறுவடை இயந்திரம் வந்து வயலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. கையால்தான் அறுக்க வேண்டியிருந்தது. கீழே கிடந்த கதிரில் பாதி பதர், மீதியில் கொஞ்சம் தண்ணீரிலேயே முளை விட்டிருந்தது. முந்தின வருஷம் வந்ததில் பாதிகூடத் தேறவில்லை. உள்ளதும் போச்சு.

மறுபடி மூத்தார் வீட்டுக் கூடம். அதே நாற்காலிகள், அதே சத்தமில்லாத தொலைக்காட்சி. சூளைக்காரர் இந்தத் தடவை நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன, வேணாம்னா சொன்னேன்? ஒரு போகம் கேட்டே, குடுத்தேன். உன் தழை எல்லாத்தையும் சாய்ச்சுடுச்சு. அப்ப சரிதானே?" என்றார் மூத்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாளே. அப்போதுதான் புருஷன் தொண்டையைச் செருமினான்.

"அண்ணே, அவ மேல தப்பு இல்லண்ணே. நான்தான் யூரியா போட்டேன்."

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"எப்ப?"

"நீ அக்கா வீட்டுக்குப் போனப்ப. எல்லாம் வெளுத்துக் கிடந்துச்சு. நீ வந்து பார்த்தா மனசு ஒடிஞ்சு போயிடுவியேன்னு..."

"எவ்வளவு போட்டீங்க?"

"வழக்கமாப் போடற அளவுதான்." கொஞ்சம் நிறுத்தி, "கொஞ்சம் கூடவே" என்றான்.

 உண்மை வெளியே வந்துவிட்டது, இனிமேலாவது புரியும் என்று ஒரு நப்பாசையோடு மூத்தாரைப் பார்த்தாள். மூத்தார் யோசித்தார். யோசித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப ரெண்டும் போட்டிருக்கு. தழையும் போட்டு, உரமும் போட்டு, அதுக்கு மேலயும் விளையலைன்னா என்ன அர்த்தம்? மண்ணு செத்துப்போச்சு."

"மாமா! ரெண்டும் போட்டதாலதான் விழுந்துச்சு! ஒருத்தன் வாயில ரெண்டு பேர் சோத்தைத் திணிச்சா அவன் எழுந்து நிப்பானா? மண்ணு செத்திருந்தா பயிர் அந்த உயரம் எப்படி வந்திருக்கும்?"

"அதான் விழுந்துடுச்சே."

"ஏன் விழுந்துச்சுன்னுதானே சொல்றேன்!"

"விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு."

"அப்ப சரிதானே?"

செவிடன் காதில் சங்கு ஊதினால்கூட, ஊதியவனுக்காவது கேட்டிருக்கும். இங்கே அதுவும் இல்லை. சூளைக்காரர் மட்டும், ஒரு வார்த்தை விடாமல் கேட்டுவிட்டு, "பாவம், அவங்களும் முயற்சி பண்ணத்தான் பண்ணினாங்க" என்றார். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புருஷன் இரண்டடி பின்னாலேயே வந்தான். கதவைத் திறந்ததும் அவள் வெடித்தாள்.

"ஆடு தின்னுச்சு, அது வாயில்லாப் பிராணி. வண்டிக்காரர் வரலை, அவர் யாரோ. நீங்க? உங்களை உட்கார வெச்சுச் சொல்லிட்டுத்தானே போனேன்? வெளுக்கும், தெளியும், ஒண்ணும் செய்யாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?"

"உனக்காகத்தான் செஞ்சேன்."

"எனக்காக! எனக்காக ஒரு தடவை நான் சொல்றதைக் காதுல வாங்கியிருக்கலாமே! உங்க பாசத்தைக் கொண்டுபோய்க் கிணத்துல போடுங்க!"

அவன் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அழுதான். அவளுக்குப் பரிதாபமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் பாத்திரத்தையெல்லாம் எடுத்து மறுபடி விளக்கினாள்.

மண் வெட்டும் இயந்திரம் வந்த அன்று போகவே கூடாது என்றுதான் இருந்தாள். கால் கேட்கவில்லை. போனபோது சூளைக்காரர் வயல் நடுவில் குந்தி உட்கார்ந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துத் தண்ணீர் தொட்டு உருட்டிக்கொண்டிருந்தார். உருண்டை நிற்காமல் பொலபொலவென்று உதிர்ந்தது. முகத்தைச் சுளித்தார்.

"மேல ஒரு சாண் மண்ணு ஆகாதுங்க. ஒரே வேரும் தழையுமா மக்கிக் கிடக்கு. இதுல கல்லு அறுத்தா சூளையில பொத்தல் பொத்தலா வெந்து வரும். இதை வழிச்சு ஓரமா ஒதுக்கிட்டு, கீழ இருக்கற களியை எடுத்துக்கறேன்" என்று மூத்தாரிடம் சொன்னார். பிறகு இயந்திரக்காரரைக் கூப்பிட்டு, "இந்தக் கழிவை வழிச்சு அந்தப் பக்கத்துக் குட்டையில தள்ளிடுப்பா" என்றார்.

கழிவு! அவள் வரப்பிலிருந்து இறங்கி நடுவயலுக்கு வந்தாள்.

"குட்டையில தள்ளாதீங்க. எனக்குக் குடுங்க."

"அதை வெச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப்போறே?" என்றார் மூத்தார்.

"திங்கப்போறேன்!"

சூளைக்காரருக்கு ஆட்சேபணை இல்லை. தள்ளுகிற டீசல் மிச்சம். மேல்வயல் பக்கத்து வரப்பில் குவிக்கச் சொன்னார். அங்கிருந்து மேல்வயலுக்கு வண்டி ஏறாது, ஒற்றை வரப்பு. கூடையில்தான் தூக்க வேண்டும். அவள் வீட்டுக்குப் போய் இருக்கிற கூடையெல்லாம் எடுத்து வந்தாள். புருஷன் கேட்கக்கூட இல்லை, ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். மேல்வயலின் மணல் மண்ணில் அதைக் கொட்டி, கையால் பரப்பிவிட்டுத் திரும்பி வந்தான். மறுபடி தூக்கினான். அவளும் அவனோடு பேசவில்லை. அவள் நிரப்பிக் கொடுத்தாள், அவன் சுமந்தான்.

இயந்திரம் முதலில் ஓர் ஓரத்தில் மட்டும் மேல்மண்ணை வழித்துவிட்டு, அங்கே ஆழமாகக் கடித்து எடுத்தது. வெட்டின இடம் சுவர் மாதிரி நேராக நின்றது. மூத்தார் அந்தக் குழியின் கரையில் வந்து நின்றார். கீழே முழுக்க வெளுத்த சாம்பல் நிறக் களி, கல்லுபோல. அதன் மேலே, கரையை ஒட்டி, ஒரே சீராக ஒரு சாண் உயரத்துக்குக் கருப்பு. கோடு கிழித்த மாதிரி இரண்டும் பிரிந்து தெரிந்தன. சின்னக் குழந்தைக்குக்கூடப் புரிந்துவிடும். ஆடு விட்டுவைத்த வேரும், நடவுக்காரிகளின் காலில் குத்திய தண்டும், இந்தப் போகத்தில் படுத்த பயிரின் கீழிருந்த தழையும் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கருப்பு.

மூத்தார் குனிந்து அந்தக் கருப்பில் விரலை விட்டார். விரல் உள்ளே போயிற்று. கீழே இருந்த களியில் விரலை விட்டார். நகம்தான் வலித்தது. இன்னொரு இடத்தில் போய்த் தொட்டுப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான்.  இயந்திரம் அதற்குள் இன்னும் நாலு வாய் அள்ளிவிட்டது.

பிறகு அவளிடம் நடந்து வந்தார். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"ஏம்மா," என்றார், "மண்ணு இப்படி ஆயிட்டு வருதுன்னு முன்னாடியே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். மூன்று வருஷமாக அதைத்தானே கத்திக்கொண்டிருந்தாள். எங்கிருந்து ஆரம்பிப்பது? எதைச் சொல்வது?  குனிந்தாள். காலடியில் இருந்த கூடையை மண்வெட்டியால் கருப்பு மண்ணைக் கோரிக் கோரி நிரப்பினாள். சலவைச் சட்டையும் பாலிஷ் போட்ட செருப்புமாக நின்ற மூத்தாரின் தோளில் கிடந்த துண்டை உருவி, சுருட்டி, அவர் தலையில் சும்மாடாக வைத்தாள். கூடையைத் தூக்கி அதன்மேல் ஏற்றினாள். அவர் "ஏய், ஏய்" என்றவர், பாரம் இறங்கியதும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த வரப்புல நேராப் போங்க மாமா. அவர் பின்னாடியே போங்க," என்றாள். "சிந்தாமப் போங்க."